கையெழுத்துக்கு வைத்த பொட்டு

நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று இன்னொருவர் இவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. லேசாக இருமினால் போதும், இரண்டாம் மாடியிலிருந்து மிளகு ரசம் இறங்கி வரும். மழையில் நனைந்து வந்தால் மாடிப்படிக் கைப்பிடிக்கு மேலிருந்து, தலையைத் துவட்டியாயிற்றா என்று குரல் வரும். ஒருநாள் செம்பூர் ஸ்டேஷனில் நகரத் தொடங்கிவிட்ட வண்டியில் நான் தாவி ஏறியதை யாரோ பார்த்துப் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அந்த மேல்மாடிப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். திட்டவில்லை. கொஞ்ச நேரம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இனிமே அடுத்த வண்டியில வாங்கோ அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"கட்டுன எனக்கே இந்தப் பதட்டம் இல்ல" என்றாள் என் மனைவி, கடுகைத் தாளித்தபடி.

இந்த மரியாதைக்கெல்லாம் என் குணம் காரணமில்லை. மேல்மாடி மாமா எழுதிய உயிலில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். சாட்சிகள் இரண்டு பேர். மற்றவர் மாமாவின் மாதுங்கா நண்பர். மாமாவுக்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புறம் மாமாவும் போனார். அந்த உயிலைப் பற்றி நீதிமன்றத்தில் வாய் திறக்க இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஜீவன் நான்தான். கண்ணாடிப் பாத்திரத்தைப் பழைய துணியில் சுற்றி மேலடுக்கில் வைப்பார்களே, அந்த மாதிரி என்னை வைத்திருந்தாள் அவள்.

அவள் மாமாவின் மூத்த மருமகள். கணவர் தவறிப் பல வருஷமாகிறது. குழந்தை இல்லை. மாதுங்காவில் ஓர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள். மாமாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவளும் அவள்தான். மாமா தன்னுடைய ஒரு ஹால், ஒரு கிச்சன் வீட்டை முழுசாக அவள் பேருக்கு எழுதியிருந்தார். பம்பாயில் அப்போதெல்லாம் உயில் இருந்தால் மட்டும் போதாது. அதை ஹைகோர்ட்டில் நிரூபித்து ப்ரொபேட் என்கிற சான்று வாங்கினால்தான் கட்டட சொசைட்டிக்காரர்கள் பேர் மாற்றுவார்கள். நிரூபிக்க முடியாமல் போனால், சட்டப்படி பாதி அவளுக்கு, பாதி வெளிநாட்டில் இருக்கும் இளைய மகனுக்கு. அவ்வளவு சின்ன வீட்டில் பாதி என்றால் என்ன? ஒருவருக்கு ஹாலும் ஒருவருக்கு கிச்சனுமா? விற்றுப் பங்கு போடுவதுதான் வழி. அவள் பங்குக்கு வருவதை வைத்துக்கொண்டு நவி மும்பையில் சான்பாடா தாண்டி எங்கேயாவது வாடகைக்குத்தான் போக வேண்டும். இளையவர் போனில் சண்டையெல்லாம் போடவில்லை. சட்டப்படி எது வருமோ வரட்டும் என்று மட்டும் சொன்னாராம். இருப்பதிலேயே ஆபத்தான வாக்கியம் அதுதான் என்றார் வக்கீல்.

மாமா ஏன் என்னைப் பிடித்தார் என்பது தனிக் கதை. நான் தாராவியில் பிறந்த திருநெல்வேலிக்காரன். அங்கே பை தைக்கிற ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். குடியிருப்பது மட்டும் செம்பூரில், மாமாவுக்கு இரண்டு மாடி கீழே. நடுநடுவே எழுதவும் செய்வேன். அந்த எழுத்துக்கு அந்தக் கட்டடத்திலிருந்த ஒரே வாசகர் மாமா. படித்துவிட்டு, நடுவில் தூங்கிவிட்டேன், ஆனால் தப்பு உம் பேரில் இல்லை, மத்தியான வேளை அப்படி என்பார். ஒருநாள் என்னை மேலே கூப்பிட்டு, "ஓய், இந்த உயில்ல உமக்கு நான் ஒண்ணும் எழுதி வைக்கலை. அதனாலதான் உம்மைக் கூப்பிடறேன்" என்றார். என்னிடம் யாரும் இவ்வளவு மரியாதையாகக் கையை விரித்ததில்லை.

என் மனைவிதான் நம்பவேயில்லை. "இவுகளையா சாட்சின்னு புடிச்சாக? வெளங்கும்" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கண் எதிரே நடப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிற கண் எனக்கு. பட்டறையில் ஒருமுறை ஒரு லாட் முழுக்க ஜிப்பின் பிடியை உள்பக்கம் வைத்துத் தைக்கச் சொல்லிவிட்டேன். வாங்கிப்போனவர் திரும்ப வந்து, சேட், இதைத் திறக்கணும்னா பைக்குள்ளே ஓர் ஆளை உட்கார வைக்கணும் என்றார். என் கல்யாணத்தில் நான் தாலி கட்டியதை நானே பார்த்ததில்லை. நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பி உப்பி வடிவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை தன் பாட்டுக்கு மூன்று முடிச்சு போட்டதாம். ஆல்பம் வந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. இப்படிப்பட்டவனிடம் ஒரு கோர்ட்டு, நீ என்ன பார்த்தாய் என்று கேட்கப் போகிறது.

வக்கீல் ஃபோர்ட்டில் ஆபீஸ் வைத்திருக்கிற இளைஞர். என்னை வரச் சொல்லி, சாட்சியாக நான் சத்தியம் செய்து தர வேண்டிய அஃபிடவிட்டைப் படித்துக் காட்டினார். நானும் மற்ற சாட்சியும் ஒரே நேரத்தில் அங்கே இருந்தோம். காலஞ்சென்றவர் சுயபுத்தியோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்திட்டதை எங்கள் கண்ணால் பார்த்தோம். அதன்பின் அவர் முன்னிலையில் நாங்கள் கையெழுத்திட்டோம். அவ்வளவுதான். கூடவே உயிலின் ஓரங்கள் விழாத கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் ஒன்றை நீட்டினார். மாமாவின் கையெழுத்துக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. இது என்ன அங்கிள், மை கொட்டிவிட்டதா, ஹைகோர்ட் டிபார்ட்மெண்டில் கேள்வி கேட்பார்களே என்றார். இருக்கும், மைப் பேனாதானே என்றேன். அவர் குறித்துக்கொண்டார். நான் ரயிலேறிவிட்டேன்.

குர்லா வருவதற்குள் ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. கையெழுத்திட்டதைக் கண்ணால் பார்த்தோம். பார்த்தேனா?

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதுதான் சிக்கலே. எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அந்த ஒன்றைத் தவிர. மருமகளை மாதுங்கா கோயிலுக்கு அனுப்பிவிட்டிருந்தார் மாமா. வீடு யார் பேருக்குப் போகிறதோ அவர் பக்கத்தில் நிற்கக் கூடாதாம். நாலரைக்கு ராகு காலம் வந்துவிட்டதால் ஆறு மணி வரை பேனாவைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மூவரும் காத்திருந்தோம். மாதுங்கா நண்பர் காபி போட்டார். பிறகு நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிப்போனார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வெயில் ஒரு மாதிரி வெயில். ஜன்னல் கம்பியைத் தாண்டி உள்ளே வந்து தரையில் படுத்துக்கொண்டு, யாரும் எழுப்பவில்லையே என்று மெல்ல மெல்ல சுவரில் ஏறியது. கூலர் பெட்டி மேல் புறா ஒன்று குமுறிக்கொண்டே இருந்தது. நேரம் எங்கேயோ போய்விட்டு, எங்களை மறந்துவிட்ட மாதிரி இருந்தது. மரணத்தைப் பற்றிய காகிதம் மேஜை மேல் கிடக்கிறது, யாருக்கும் அவசரமில்லை. இப்படியே ராகு காலம் முடியாமலே போய்விட்டால் யாரும் சாக வேண்டியதில்லை என்றுகூடத் தோன்றியது.

பிறகு விளக்கேற்றியது தெரிகிறது. சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது தெரிகிறது. அதற்கப்புறம் ஜன்னல். எதிரே மோனோ ரயில் போகிறது. உள்ளே விளக்கெல்லாம் எரிகிறது, ஓர் ஆள் இல்லை. மீன் இல்லாத மீன் தொட்டி ஒன்று வானத்தில் நீந்திப்போகிற மாதிரி. அதற்கப்புறம் மேஜை முன்னால் நான் குனிந்து என் பெயரை எழுதுகிறேன். அதற்கு மேலே மாமாவின் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது.

அப்படியானால் மாமா கையெழுத்துப் போட்டபோது நான் மோனோ ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேனா?

அன்று முதல் பட்டறையில் எந்தப் பையை எடுத்தாலும் மஞ்சள் வெயில்தான் தெரிந்தது. வக்கீலுக்குப் போன் செய்து, எனக்கு அந்த வரி மட்டும் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்றேன். அங்கிள், அது ஃபார்மட், எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள் என்றார். எல்லாரும் போடுவது எனக்குத் தெரியும். ஆனால் பொய் சொல்வதில் எனக்கு ஒரு தொழில்முறைக் கௌரவம் உண்டு. கதையில் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வேன். முத்திரை குத்தின காகிதத்தில் சொல்லி, நாளைக்கு இளைய மகன் தரப்பு வக்கீல் என்னைக் கூண்டில் நிற்க வைத்து, அப்போது எந்தக் கையால் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டால், மோனோ ரயிலைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன் என்றா சொல்வது? அவள் வீடு என் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளிடம் இதைச் சொல்லவும் வாய் வரவில்லை. மிளகு ரசம் மட்டும் வந்துகொண்டேயிருந்தது. நானும் குடித்துக்கொண்டேயிருந்தேன்.

நோட்டரி செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில், ஜெராக்ஸும் பாஸ்போர்ட் போட்டோவும் எடுக்கிற ஒரு நீளக் கடையின் வாசலில் மேஜை போட்டிருக்கிற மராட்டி அம்மாள். அவர் முன்னால் ரப்பர் ஸ்டாம்புகள் கோயில் வாசல் பொம்மைகள் மாதிரி வரிசையாக நிற்கும். நானும் அவளும் போனோம். உயிலின் அசலையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார் வக்கீல். அவள் அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரைப் பையில் போட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். நோட்டரி என் ஆதார் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கார்டைப் பார்த்தார். போட்டோவில் இருப்பவனை நானே ஓரிரு முறைதான் கண்ணாடியில் சந்தித்திருக்கிறேன். பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு, ஸ்டாம்பைக் கையில் எடுத்தபடியே கேட்டார்.

"ஸப் ஸச் ஹை நா?"

எல்லாம் உண்மைதானே என்று அர்த்தம். நாள் முழுக்க அவர் கேட்கிற கேள்வி. எல்லாரும் ஹாங் ஜி, ஆமாம் என்பார்கள், டப் என்று ஸ்டாம்ப் விழும். நான் அஃபிடவிட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டாம்ப் அந்தரத்தில் நின்றது. அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்விக்கு யாராவது யோசித்துப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

"யோசிக்கறேளா அண்ணா?" என்றாள் அவள்.

வேறு வழியில்லாமல் சொன்னேன். மோனோ ரயில் வரைக்கும் எல்லாம் சொன்னேன். என் குரல் எனக்கே ஜிப் உள்ளே தைத்த பைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. அவள் முகம் வெளுத்தது. பையை இன்னும் இறுக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பினாள். ரிக்‌ஷா ஒன்று ஹாரனை அடித்துக்கொண்டே போயிற்று. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பாக்கலைன்னா பாத்தேன்னு சொல்லாதேங்கோ அண்ணா. அப்பா எனக்குக் கொடுத்த வீடு, பொய்யில கதவு வச்ச மாதிரி ஆயிடும்."

மாமனாரை அவள் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ரசம் குடித்த பாவம்.

நோட்டரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. சாட்சி சொல்பவர் அசலைப் பார்த்தாரா என்று கேட்டார். இல்லை, ஜெராக்ஸ்தான் என்றேன். அவர் நாக்கை ஒரு தரம் சொடுக்கிவிட்டு, முதலில் காட்டு என்று அவளுக்குச் சைகை செய்தார்.

அவள் கவரிலிருந்து எடுத்து மேஜை மேல் விரித்தாள்.

கறுப்புத் திட்டு சிவப்பாக இருந்தது.

நாலு மூலையிலும் மஞ்சள். மஞ்சள் மேல் குங்குமம். அடியில் மாமாவின் கையெழுத்து, நீல மை. அதன் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு குங்குமப் பூச்சு. ஜெராக்ஸ் மெஷினுக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்று. எனக்கு அப்படியில்லை. மஞ்சள் வாசனையும் பூஜை அலமாரியின் கற்பூர வாசனையும் காகிதத்திலிருந்து எழுந்து வந்ததும், செம்பூர் ரோடு சத்தம் மெல்ல விலகிப்போயிற்று. ஃபேன் சுற்றத் தொடங்கியது.

ஆறு மணி. மாமா விளக்கேற்றுகிறார். சாவுக் காகிதத்துக்கு மஞ்சளா என்று மாதுங்கா நண்பர் தூக்கக் கலக்கத்தில் ஆட்சேபிக்கிறார். இது சாவுக் காகிதம் இல்லை, மருமகளோட புதுவீட்டுக் காகிதம் என்கிறார் மாமா. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நீர் குங்குமம் வையும் என்று என்னிடம் கிண்ணத்தை நீட்டுகிறார். மோதிர விரலால் வைக்க வேண்டியதை நான் கட்டைவிரலால் வைக்கிறேன். கடைத்தெருவில் உண்டியல் ரசீதுக்கு ரேகை வைக்கிறவன் மாதிரி என்று அவர் சிரிக்கிறார். பேனாவைத் திறக்கிறார். நிப் காகிதத்தில் கீறுகிற சத்தம். பெயரை எழுதி முடிக்கிறார். வழக்கம்போல அடியில் நீளமாக ஒரு கோடு இழுக்கிறார். பாதிக் கோட்டில் ஃபேன் காற்றுக்குக் காகிதம் படபடவென்று எழும்புகிறது. நான் பாய்ந்து அமுக்குகிறேன். பேனா வந்து என் கட்டைவிரலில் முட்டி நிற்கிறது.

மாமா பேனாவைத் தூக்கிவிட்டு என்னைப் பார்க்கிறார்.

"ஓய், என் கையெழுத்துக்கே பொட்டு வச்சுட்டீரே."

அவமானத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்புகிறேன். அப்போதுதான் மோனோ ரயில் போகிறது.

மேஜையில் குனிந்து பார்த்தேன். கோடு பெயருக்கு அடியில் தொடங்கி, சிவப்பின் விளிம்பு வரை வந்து, அங்கே முட்டி நின்றிருந்தது. நின்ற இடத்தில் நீல மை குங்குமத்தோடு கலந்து கொஞ்சம் கத்தரிப்பூ நிறமாகியிருந்தது. அந்தப் பக்கம் கோடே இல்லை. கையெழுத்தை ஒப்பிடக் கேட்டால் காட்டலாம் என்று கொண்டுவந்த மாமாவின் பழைய பாங்க் பாஸ்புக் ஒன்றும் அவள் பையில் இருந்தது. அதில் கோடு முழுசாக ஓடியிருந்தது. நான் இரண்டையும் காட்டி, எனக்குத் தெரிந்த இந்தியில் ஃபேனாகவும் காகிதமாகவும் பேனாவாகவும் மாறி மாறி நடித்துக் காட்டினேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நோட்டரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் வலது கட்டைவிரலைக் கேட்டு வாங்கி, அந்தப் பூச்சுக்கு மேலே பிடித்து அகலம் பார்த்தார்.

"தொட்டுடாதேங்கோ அண்ணா, மறுபடியும்" என்றாள் அவள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

இது குங்குமம் என்று வக்கீலிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். அவளுக்கு அது ஒரு கறையாகவே தோன்றவில்லையாம். எங்காத்துல கேஸ் கனெக்‌ஷன் காகிதத்தில்கூடக் குங்குமம் இருக்கும் என்றாள். அவள் சொன்னது சரி. மஞ்சளையும் குங்குமத்தையும் நாங்கள் யாரும் காகிதத்தின் மேல் இருப்பதாக நினைப்பதில்லை, காகிதத்தோடு பிறந்ததாகத்தான் நினைக்கிறோம். அதைக் கறை என்று பார்க்க ஒரு மெஷின் தேவைப்பட்டது.

வக்கீலுக்குப் போன் போட்டோம். முதலில் முனகினார். அசலின் போட்டோவைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. பழைய அஃபிடவிட்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று அடித்து அனுப்பினார். அந்தக் கடையிலேயே பிரிண்ட் எடுத்தோம். அதில் ஒரு பத்தி கூடியிருந்தது. காலஞ்சென்றவர் தம் பெயரை எழுதி முடித்து அடிக்கோடு இடுகையில், மின்விசிறியின் காற்றால் மேற்படி காகிதம் எழும்பியபடியால், அதை அமுக்கும் பொருட்டு நான் என் வலது கட்டைவிரலை வைத்தேன் என்றும், அவ்விரலில் இருந்த குங்குமமே மேற்படி சிவப்புக் குறி என்றும் சத்தியமாகக் கூறுகிறேன். ஆங்கிலத்தில் இன்னும் கம்பீரமாக இருந்தது. நான் எழுதின எதையும் யாரும் ஸ்டாம்ப் பேப்பரில் அடித்ததில்லை. இதுதான் முதல் பிரசுரம்.

நோட்டரி மறுபடியும் ஸ்டாம்பைக் கையில் எடுத்தார்.

"அப் போலோ. ஸப் ஸச் ஹை நா?" இப்போது சொல்லுங்கள் என்று கேட்டார்.

"ஹாங் ஜி" என்றேன். என் ஆயுளிலேயே நான் அவ்வளவு உறுதியாகச் சொன்ன வார்த்தை அதுதான். கல்யாணத்தில்கூடச் சொன்னதில்லை. இதை என் மனைவியிடம் சொல்ல வேண்டாம். டப் என்று ஸ்டாம்ப் விழுந்தது. அவருடைய ரிஜிஸ்டரில் ரேகை வைக்கச் சொன்னார். வைத்தேன். ஊதா மை ஒரு வாரம் போகவில்லை.

ஹைகோர்ட்டுக்கு அவசரம் என்பது கிடையாது. அந்தக் காலம் முழுக்க எனக்கு ரசம் நிற்கவில்லை. ஓடுகிற வண்டியில் நான் ஏறவுமில்லை. இளையவருக்கு நோட்டீஸோடு அஃபிடவிட்டின் நகலும் போயிற்று. கையெழுத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அந்தப் பத்தியை மட்டும் போனில் ஒருமுறை வாய்விட்டுப் படித்தாராம். பிறகு, "அப்பா அந்த ஃபேனை நிறுத்தவே மாட்டார் மன்னி" என்றாராம். எதிர்ப்பு ஒன்றும் தாக்கல் செய்யவில்லை.

ப்ரொபேட் வந்தது. சொசைட்டியில் வீட்டுக்கான ஷேர் சர்டிபிகேட் அவள் பேருக்கு மாறி வந்தது. அன்று சாயங்காலம் எங்களை மேலே கூப்பிட்டாள். மாமாவின் மேஜை அதே இடத்தில் இருந்தது. விளக்கு ஏற்றியிருந்தாள். சர்டிபிகேட்டை விரித்து வைத்து, கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தாள். வெயில் சுவரில் ஏறி முடித்து, இனிப் போகலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. எதிரே மோனோ ரயில் ஒன்று, ஆளில்லாமல், விளக்கு மட்டும் எரிய, தூக்கத்தில் நடப்பது போலப் போயிற்று. மாமா உள்ளறையிலிருந்து எந்த நிமிடமும் ஓய் என்று கூப்பிடுவார் போல எனக்கு இருந்தது. என்னையறியாமல் மேஜைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

என் மனைவி எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள்.

"கையைக் கட்டிண்டு நில்லுங்கோ அண்ணா" என்றாள் அவள், முதல் மூலைக்கு மஞ்சள் வைத்தபடி.

கட்டிக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை முழுசாகப் பார்த்தேன்.